நீலத்துணி கட்டாத சாக்கு

அவரைக்காயின் காம்பை நகத்தால் கிள்ளி நாரை இழுத்தால் வால்வரைக்கும் ஒரே இழுப்பில் வரவேண்டும், நடுவில் அறுந்தால் தின்கிறவர் பல்லில் மாட்டும், இன்று என்னவோ ஜெபமலருக்கு ஒன்றுகூட அறாமல் வந்துகொண்டிருந்தது, சர்ரென்று ஒரு நார், சர்ரென்று இன்னொரு நார், கை தன்பாட்டுக்கு ஓட மனசு அதற்கும் முன்னால் ஓடியது, சோறு வெந்துவிட்டது, வெந்துவிட்டது, வடித்துப் பாயில் கொட்டி வெள்ளை வேட்டி போட்டு மூடியும் ஆகிவிட்டது, இனி எந்த ராசா வந்தாலும் பிரிக்க முடியாது. கோயில் பிரதிஷ்டையான நாள் இன்று, ஊரே வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றைத் தின்கிற அசனப் பண்டிகை. முன்னால் கோயிலுக்குள் ஆராதனை நடக்கிறது, ஆர்மோனியம் பின்னால் சமையல் பந்தல்வரை கேட்கிறது, சிலுவை வைத்த கோபுரத்தின் நிழல் பந்தலின் பாதியில் விழுந்து கிடக்கிறது. நிழலுக்குள் மேலத்தெருப் பெண்கள் பத்துப்பேர் வட்டமாக உட்கார்ந்து இரண்டாம் பந்திக் கூட்டுக்குக் காய் நறுக்குகிறார்கள், வெயிலில் குழாயடியில் கீழத்தெருப் பெண்கள் அண்டா விளக்குகிறார்கள். காய் அவர்கள் கைக்குப் போகாது, அண்டா இவர்கள் கைக்கு வராது, யாரும் உட்கார்ந்து சட்டம் போட்டதில்லை, அப்படித்தான். ஞானஸ்நானத் தொட்டி ஒன்று, மணி ஒன்று, கல்லறைத் தோட்டமும் ஒன்றுதான், நடுவில் ஒரு சுவர் மட்டும் உண்டு. வேப்பமரக் கிளையில் சேலைத் தொட்டிலில் ஜெபமலரின் பிள்ளை பெனோ உறங்குகிறான், எட்டு மாதம், ஒரு கால் மட்டும் வெளியே தொங்குகிறது, உள்ளே எடுத்து விடவேண்டும், இந்தக் குவியல் முடியட்டும், ஐயோ இந்தச் சிரிப்பு ஏன் இப்படிக் கன்னத்துக்குள் முட்டுகிறது, யாராவது பார்த்தால்.

பார்த்துவிட்டாள் தங்கக்கனி சித்தி. சமையல் பொறுப்பு முழுக்க அவளுடையது, கரண்டியைத் தோளில் சார்த்திக்கொண்டு போலீஸ்காரன் மாதிரி நிற்பாள். "ஏளா ஆமென், தன்னால சிரிக்க? ராத்திரி ஸ்டீபன் காதுல என்னத்தச் சொன்னான்?" வட்டம் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. ஜெபமலர் தலையை இன்னும் குனிந்துகொண்டாள். ஆமென் பிள்ளை என்றுதான் அவளுக்குப் பேர், பெண்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் சுற்றி ஜெபம்பண்ணிக்கொண்டு வரும்போது அவள் முறை வந்தால் ஆமென் மட்டும்தான் வெளியே வரும். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு அடுக்கி அடுக்கிப் பேச எங்கே வரும். அவளுக்குத் தெரிந்த ஜெபம் கையால் பண்ணுகிற ஜெபம். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடவேண்டும், ஆண்டவரே இது உமக்கு என்று சொல்லிக்கொண்டு. ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு அந்தக் கலயம், மேலத்தெருவிலும் உண்டு, கீழத்தெருவிலும் உண்டு, வருசம் முழுக்கச் சேர்ந்த அந்தப் பிடியரிசிதான் அசனத்துக்கு உலையேறுகிறது. கொண்டுவருகிற அரிசியை ஸ்டோர் ரூம் வாசலில் நின்று வாங்கிச் சாக்கில் கொட்டுகிற வேலையைப் போன வருசம் அவளுக்குக் கொடுத்தார்கள், ஏனென்றால் அவள் வாய் திறக்கமாட்டாள். கமிட்டியிலிருக்கிற அதிசயம் அண்ணாச்சி தணிந்த குரலில்தான் சொன்னார், "பிள்ள, மேலத்தெரு அரிசி இந்தச் சாக்குகள்ல. கீழத்தெரு அரிசி இதுல தனியா. அதோட வாயில இந்த நீலத்துணியைக் கட்டிரு, என்ன?" ம், என்றாள். அந்த அரிசி ராத்திரிப் பந்தி உலைக்கு என்று கீழத்தெருவில் சொல்லியிருந்தார்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள். பண்டிகை கழிந்து எட்டாம் நாள் முட்டை வாங்க அண்ணாச்சி வீட்டுக்குப் போனவள் பார்த்தாள், கோழிக்கூட்டில் சாய்ந்து நின்றது சாக்கு, வாயில் அதே நீலத்துணி, அவர் மகள் கை கையாய் அள்ளி வீச, கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கொத்தின. முட்டையை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டாள். முட்டை நல்ல முட்டைதான். தின்னத்தான் முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள்கூடப் பிடி எடுக்கிற கை தயங்காமல் எடுத்ததில்லை. ஆண்டவரே இது உமக்கு, என்று ஆரம்பிக்கும்போதே கோழியின் செம்பட்டைக் கழுத்து கண்ணுக்குள் வந்து நிற்கும். கீழத்தெரு ரெபேக்காள் வீட்டில் மூன்று பிள்ளைகள், சாயங்காலம் ஆனால் சட்டியைச் சுரண்டுகிற சத்தம் கால்வாய்க்கரைவரை கேட்கும், அவளும் அந்தச் சட்டிக்குள் போகவேண்டிய அரிசியில்தான் ஒரு பிடி எடுக்கிறாள், இதே வார்த்தையைச் சொல்லித்தான் எடுக்கிறாள், ஜெபமலர் பிடி உலைக்குப் போகிறது, ரெபேக்காள் பிடி கோழிக்குப் போகிறது, அப்படியென்றால் ஆண்டவர் எதைத்தான் சாப்பிடுகிறார், பந்தியிலா உட்கார்ந்திருக்கிறார், கூட்டிலா. யாரிடம் கேட்க, போதகர் ஐயாவிடமா, அவர் முன்னால் நின்றால் பேரே மறந்துபோகும். பெனோ அப்பா ஸ்டீபனிடம் சொல்லலாம் என்று நாலு தடவை வாயெடுத்து நாலு தடவையும் உப்புப் பத்தவில்லையா என்று கேட்டு முடித்தாள். ஆகையால் இது துணிந்து செய்ததில்லை, சத்தியமாக இல்லை, துணிச்சல் அவள் பிறந்த வீட்டிலேயே கிடையாது. இன்று விடியுமுன் அதே ஸ்டோர் ரூம் வாசலில் அவள் நின்றபோது கரண்டு போயிருந்தது, பண்டிகைக்கு எல்லோரும் வெள்ளைச் சேலை, எல்லோர் தலையிலும் முக்காடு, மூன்றாவதாக வந்தவள் ஓலைப்பெட்டியை நீட்ட, வாங்கி மேலத்தெருச் சாக்கில் கவிழ்த்துவிட்டாள். "பிள்ள உறங்குதாம்மா?" என்ற பிறகுதான் குரல் ரெபேக்காள் குரல் என்று தெரிந்தது. மேலாக அள்ளி எடுத்துவிடலாம் என்று முறத்தைக்கூட எடுத்தாள், எடுத்தவள் குனிந்து பார்த்தாள், வெள்ளையின்மேல் வெள்ளை, எது எவள் அரிசி. அங்கேதான் அந்தச் சிரிப்பு முதலில் வந்தது. கரண்டு வந்தது. அடுத்த கீழத்தெருப் பெண் வந்தாள், இப்போது முகம் தெரிகிறது, இது கைத்தவறு இல்லை, தெரிந்தேதான் கவிழ்த்தாள், கவிழ்த்துவிட்டுச் சாக்கின் இரண்டு காதையும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகப் பதினேழு பேர். தனிச்சாக்கு சுவரோரம் மடிந்து கிடந்தது, அதைச் சுருட்டி அடுப்படிக்குக் கொண்டுபோய் நீலத்துணியோடு நெருப்பில் போட்டாள், உலை கொதிக்கக் கொதிக்க நின்று பார்த்தாள், பண்டிகை என்றால் இதுதான் என்று பட்டது, இத்தனை வருசமும் பண்டிகை என்று நினைத்தது வெறும் சாம்பார்.

"அந்தத் தனிச்சாக்கு எங்க?" அதிசயம் அண்ணாச்சிதான். சட்டைப்பையில் கமிட்டிக்காரர்கள் குத்திக்கொள்கிற ரோஜா, கையில் பைக் சாவி, ஆராதனை முடிந்து கூட்டம் வருமுன் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று வந்திருக்கிறார், ஜெபமலர் விரலில் முதல்முறையாக ஒரு நார் அறுந்தது. "ஸ்டோர் ரூம்லதான் கெடக்கும்" என்றாள் தங்கக்கனி சித்தி. "காங்கலயே. மூலை முடுக்கெல்லாம் பாத்தாச்சி." அவர் கண் பந்தலைச் சுற்றிவிட்டுக் குழாயடியில் போய் நின்றது. "வேற எங்க போகும், கொண்டாந்தவளுவளே தூக்கியிருப்பாளுவ. காலையில முத வந்தவ எவ? ரெபேக்காளா? ஏ ரெபேக்கா, இங்க வா!" ரெபேக்காள் சாம்பல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நிழல் முடிகிற இடத்தில் நின்றாள், அதற்கு இந்தப்பக்கம் கால் வைக்கவில்லை. "எங்க அரிசி ராத்திரி உலைக்குல்லா அண்ணாச்சி? அத நான் எதுக்கு எடுக்கேன்?" "எதுக்கோ. உன் பையைக் காட்டு." ஒரு சாக்கரிசி ஒரு வயர்கூடைக்குள் எப்படி அடங்கும் என்று யாரும் கேட்கவில்லை, ஜெபமலரும் கேட்கவில்லை, காய் நறுக்குகிற சத்தம் மட்டும் நின்றுபோனது. ரெபேக்காள் கூடையை எடுத்துவந்து குனிந்து ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கிறாள், ஒரு டப்பா, ஒரு பிள்ளையின் கவுன், அரை சோப்பு, ஜெபமலருக்குள் நான்தான், நான்தான், சொல்லேன், சொல்லிவிடு என்று ஓடுகிறது. அடுத்த மாதம் பெனோவுக்கு ஞானஸ்நானம், தேதி கொடுக்கிறது கமிட்டி, வெள்ளைத்துணிகூட எடுத்தாகிவிட்டது, இந்த மனுசன் நினைத்தால் தேதியைத் தள்ளிக்கொண்டே போவார், பெனோ அப்பா கமிட்டிக் கட்டடத்தில்தான் கொத்தனார் வேலை பார்க்கிறார், வீட்டில் சோறு, நாளைக்கு யார் முகத்தில் முழிக்க, பேசாமல் இருந்தால் பத்து நிமிசத்தில் இந்த மனுசன் போய்விடுவார், ரெபேக்காள் கூடையை எடுத்து அடுக்கிவிடுவாள், அடுக்கிவிடுவாளா, அந்தக் கவுனை மண்ணிலிருந்து எடுத்து உதறிவிட்டு, அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது. அண்ணாச்சி, என்று ஒரு குரல் கேட்டது. தன்னுடைய குரல்தான். யாருக்கும் கேட்கவில்லை. "அண்ணாச்சி!" இந்தத் தடவை தொட்டிலில் பெனோகூட உதறிக்கொண்டான். "சாக்கு இல்ல அண்ணாச்சி. அந்த அரிசியெல்லாம் உலைக்குப் போயிட்டு. நான்தான் கலந்தேன்."

ஆர்மோனியம் ஏதோ ஒரு கட்டையில் இழுத்துக்கொண்டே நின்றது. அண்ணாச்சி பைக் சாவியை விரலில் சுற்றினார், சுற்றி நிறுத்தினார், முகத்தை இளக்கிக்கொண்டார். "காலையில கரண்டு இல்ல. இருட்டுல தெரியாம மாத்திக் கொட்டிட்ட. அப்படித்தான பிள்ள? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, யாரும் உன்னை ஒண்ணும் சொல்லப்போறதில்ல. அடுத்த வருசம் வேற ஆளப் போடுதோம்." பாதை திறந்துவிட்டார், நல்ல அகலமான பாதை, ஒரு தலையாட்டல் போதும், அதில் பொய்கூட இல்லை, இருட்டு உண்மை, கரண்டு போனது உண்மை, முதல் அரிசி கைத்தவறு என்பது உண்மை, அதைச் சொல்லிவிட்டு அவரைக்காய்க்குத் திரும்பிவிடலாம், பிள்ளைக்குத் தேதி, புருசனுக்கு வேலை, சோறும் கலந்தது கலந்ததுதான், பின்னே என்ன, பின்னே என்ன என்றால் அடுத்த வருசம் வேற ஆள், வேற நீலத்துணி, வேற கோழி. தலை ஆடத்தான் போயிற்று. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள், கழுத்து நரம்பு வலித்தது. "ஒருத்தி அரிசிதான் தெரியாமக் கலந்தேன் அண்ணாச்சி. மத்த பதினெட்டும் தெரிஞ்சுதான் கலந்தேன்." வார்த்தை இப்படி வரிசையாக வருமா, தன் வாயிலிருந்தா, நிற்காமல் இன்னும் வந்தது. "அது உலைக்கு வாரதில்ல, உங்க கோழிக்குப் போவுது. நான் பாத்தேன். ரெபேக்கா அக்கா ஒண்ணும் எடுக்கல." அக்கா என்றது பந்தலில் எல்லோர் காதிலும் விழுந்தது, கீழத்தெருவில் எத்தனை வயசானவளையும் மேலத்தெருவார் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அவளும் நேற்றுவரை அப்படித்தான்.

"இந்தச் சோத்த எவன் திங்கான்னு பாக்கேன்" என்றார் அண்ணாச்சி, இளகின முகம் போய்விட்டிருந்தது. "ஆராதனை முடியட்டும், வாசல்லயே நின்னு சொல்லுதேன். நானும் என் வீடும் கை நனைக்க மாட்டோம். உன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்படி நடக்குன்னும் பாப்போம்." தங்கக்கனி சித்தி கரண்டியைத் தோளிலிருந்து இறக்கினாள், எந்தப் பக்கம் விழுமோ, சித்தியும் மேலத்தெருதானே, அவள் மருமகன் கமிட்டியில்தானே. சித்தி வேட்டி மூடின பாயைக் காட்டினாள். "எதுக்கு அண்ணாச்சி கோவம்? அந்தா கெடக்கு சோறு. எது எந்தத் தெருன்னு நீங்களே பொறுக்கி எடுங்க, நான் முறம் தாரேன்." யாரோ களுக்கென்று சிரித்தாள், அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் குழாயடி முழுக்க. சிரிக்காமல் இரண்டு பேர் அரிவாள்மணையைச் சாய்த்துவைத்துவிட்டு எழுந்து போனார்கள், அவர்கள் முதுகை ஜெபமலர் பார்த்தாள், ஒன்று அவள் ஒன்றுவிட்ட அத்தை முதுகு. விறகுக் கட்டோடு வந்த ஸ்டீபன் எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை, விறகை இறக்கக்கூட மறந்து நின்றார், "நீயா பேசின?" என்றார், அவ்வளவுதான், கோபமா, அவர் மீசை ஒரு பக்கம் மட்டும் ஏறுகிறது, அது கோபமில்லை, கல்யாணமான புதுசில் பார்த்தது. ரெபேக்காள் மட்டும் சிரிக்கவில்லை. கவுனை உதறி மடித்துக் கூடையில் வைத்தாள், வந்தாள், நிழலுக்குள் வந்தாள், ஜெபமலருக்கு முன்னால் நின்றாள். "கோழிக்கா?" "ஆமாக்கா." "உனக்கு எப்பத் தெரியும்?" "போன வருசம்." "போன வருசமேவா." அதற்குமேல் அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பரவாயில்லை, ஒரு வருசம், முந்நூற்றுச் சொச்சம் பிடி, ஒவ்வொரு பிடிக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தது தான்தானே, இதைக் கழுவ எந்தக் குழாயடி. ரெபேக்காள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நகரு" என்றாள், எழுந்து போனவள் விட்டுப்போன பலகையில் உட்கார்ந்து ஒரு கை அவரைக்காயை மடியில் அள்ளிப் போட்டாள். சித்தி பார்த்தாள், வட்டம் பார்த்தது. "நாரு அறாம உரிக்கணும், தெரியும்லா?" "எங்க வீட்ல என்ன கல்லையா திங்கோம்?" என்றாள் ரெபேக்காள். "நல்லாக் கேட்ட போ" என்று சித்தி அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

மணி அடித்தது. ஆராதனை முடிந்துவிட்டது, இனி அவர் வாசலில் நின்று சொல்லுவார், சொல்லிக்கொண்டிருக்கிறார், குரல் வருகிறது, வார்த்தை வரவில்லை, நடுவே சுவர். பந்தி விரிக்கிற இடம் இங்கிருந்து தெரியாது, மடியில் அவரைக்காய் பாதி உரித்தபடி கிடக்கிறது, ரெபேக்காளைக் கூப்பிட்டு யாரோ தண்ணீர் தூக்கப் போகச் சொன்னார்கள், அவளும் போய்விட்டாள், கேட்க மட்டும்தான் முடியும். காலடிச் சத்தம், நிறைய, இந்தப் பக்கம் வருகிறதா அந்தப் பக்கம் போகிறதா, ஒரு பைக் உதைத்துக் கிளம்புகிறது, அவர்தான், இன்னொரு பைக், ஐயோ இன்னொன்று, இப்படி எல்லோரும் கிளம்பிவிட்டால் அந்தச் சோறு, பாய் பாயாய்க் கிடக்கிற அந்தச் சோறு, சாயங்காலம் புளித்து, ஊர் சொல்லும், ஸ்டீபன் பொண்டாட்டி அசனத்தையே குழியில் கொட்டினாள் என்று பேரன் காலம்வரை சொல்லும், பெனோவின் கால் இன்னும் வெளியே தொங்குகிறது, எடுத்துவிட வேண்டும், நாலாவது பைக் வரவில்லை. நாலாவது பைக் வரவில்லை. என்னவோ சரசரவென்று, இலை, இலை போடுகிற சத்தம் அது, ஈர இலையைத் தரையில் உதறி விரிக்கிற சத்தம், ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போகிறது, நிற்கவில்லை, போய்க்கொண்டே இருக்கிறது, போதகர் ஐயா குரல், ஜெபம், ஜனங்கள் ஒன்றாக ஆமென் என்கிறார்கள், எத்தனை பேர் சேர்ந்தால் அவ்வளவு சத்தம் வரும், அப்புறம் அந்தச் சத்தம், சோறு சோறு இங்க சோறு, சாம்பார் வாளி இந்தப் பக்கம், லே அந்தக் கோடிக்குப் போடுலே, சின்ன வயசிலிருந்து கேட்டதுதான், ஆனால் இதுவரை கேட்டதேயில்லை இந்தச் சத்தத்தை. தின்கிறார்கள். ஒன்றுவிட்ட அத்தையும் தின்பாளோ என்னவோ, அவள் வாயில் கீழத்தெருப் பருக்கை, கீழத்தெருப் பிள்ளை வாயில் தன் வீட்டுப் பருக்கை, ஒருவருக்கும் தொண்டையில் சிக்கவில்லை, ஆண்டவரும் இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிடுகிறார், அவர் இலை எங்கே போட்டிருக்கிறதோ. கமிட்டி கூப்பிடத்தான் செய்யும், கூப்பிடட்டும், போதகர் ஐயா முன்னால்தான் நிறுத்துவார்கள், நிறுத்தட்டும், என்ன சொல்லவேண்டும் என்று வார்த்தை இப்போதே வருகிறது, ஐயாமாரே, அடுத்த வருசம் சாக்கே வேண்டாம், வாங்கிக் கொட்ட ஆளும் வேண்டாம், கொண்டாரவங்க அவங்கவங்க கையாலயே உலையில போடட்டும், முத போடுறது கீழத்தெருவா இருக்கட்டும், ஒரு வருசம் கோழிக்குப் போட்டதுக்கு அதுதான் நியாயம், மாட்டோம்னு நீங்க சொன்னா நான் நாளைக்கே வீடு வீடாப் போயி

"ஏளா ஜெபமலரு! அங்கன என்ன மோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க, எந்திரி!" தங்கக்கனி சித்தி பந்தல் வாசலில் மூச்சு வாங்க நின்றாள், கரண்டியில் ஒரு பருக்கை இல்லை. "முதப் பந்தியே இன்னும் எந்திரிக்கல, அதுக்குள்ள பாய் காலி! சோறு பத்தாது, இன்னொரு உலை வைக்கணும், ரெபேக்காளும் அவ கூட்டமும் அடுப்ப மூட்டி அண்டாவ ஏத்திட்டாளுவ, அரிசி களைய நீ வா, கை பத்தாது, வா வா!" வாரேன் சித்தி, என்று அந்தப் பந்தலே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டு அவள் எழுந்தாள், மடியை உதறினாள், தொட்டிலருகில் ஒரு எட்டு நின்று பெனோவின் காலை உள்ளே எடுத்து விட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, புகை வருகிற பக்கமாக ஓட்டமும் நடையுமாக, ரெபேக்கா அக்கா அந்த அண்டாவைக் கொஞ்சம் இந்தப் பக்கம்